கிளியரன்ஸ் படிவத்தில் கஞ்சா: சொன்னால் வழக்கு வருமா?

கேள்வி: அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. கிளியரன்ஸுக்காக, அதாவது ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதிக்காக, எஸ்எஃப்-86 என்ற படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். 3 ஆண்டுகளுக்கு முன், கல்லூரி நாட்களில், கொலராடோவில் கஞ்சா புகைத்திருக்கிறேன். அங்கே அதற்கு அனுமதி உண்டு. எழுதத்தான் வேண்டுமா? எழுதினால் வழக்கு வருமா?

பதில்: எழுதத்தான் வேண்டும். படிவத்தின் 23-ஆம் பிரிவு கடைசி 7 ஆண்டுகளைக் கேட்கிறது. மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டப்படிதான் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கேயே அச்சிட்டிருக்கிறார்கள். மருத்துவர் உங்களுக்கு எழுதித் தராத அடரால் (கவனக்குறைபாட்டுக்கான மருந்து) போன்ற மாத்திரையை வாங்கிப் போட்டதும் இதில் அடங்கும்.

வழக்கைப் பொறுத்தவரை, நீங்கள் இந்தப் பிரிவில் தரும் உண்மையான பதிலோ அதிலிருந்து தெரியவரும் தகவலோ பின்னாளில் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகாது என்று படிவமே உறுதி தருகிறது. இந்தக் காப்பு பொய்யான பதிலுக்குக் கிடையாது. கிளியரன்ஸ் மறுக்கப்படுவதையோ அதனால் வேலை போவதையோ இது தடுக்காது.

கேள்வி: "எழுதாதே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று அலுவலக நண்பர் சொன்னார். "இல்லை" என்று போட்டு அனுப்பிவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில்: தெரிந்தே மறைப்பது அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 18, பிரிவு 1001-இன் கீழ் குற்றம், 5 ஆண்டு வரை சிறை உண்டு. நடைமுறையில் வழக்கைவிட அதிகம் நடப்பது கிளியரன்ஸ் மறுப்புதான். கிளியரன்ஸ் தரலாமா என்பதை முடிவு செய்யும் நெறிகளில், பழைய கஞ்சா போதைப்பொருள் பற்றிய 'எச்' நெறியில் வரும் விஷயம். காலம் போகப் போக அதன் கனம் குறையும். பொய்யோ நேர்மை தொடர்பான 'இ' நெறிக்குப் போய்விடும். அதிலிருந்து மீள்வது கடினம். விசாரணை அதிகாரி பழைய அறைத்தோழர்களிடமும் பேசுவார். சில அமைப்புகளில் பாலிகிராஃப் (பொய் கண்டறியும்) சோதனையும் உண்டு.

அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களாகவே திருத்தினால் 'இ' நெறியில் அது உங்களுக்குச் சாதகம். இன்றே நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத்தில் சொல்லுங்கள். நேர்காணல் வரை தள்ளிப்போய்விட்டால், உட்கார்ந்ததும் முதல் பேச்சாக அதைச் சொல்லிவிடுங்கள். எதிரில் ஆதாரத்தை வைத்த பிறகு ஒப்புக்கொள்வதைத் திருத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நண்பர்மீது பழியைப் போடவும் முடியாது. வழக்கறிஞரோ, பாதுகாப்பு நடைமுறை பற்றி அறிவுரை சொல்வதையே பொறுப்பாகக் கொண்டவரோ தவறாக வழிகாட்டியிருந்தால் மட்டுமே அந்தச் சமாதானம் எடுபடும்.

கேள்வி: ஒப்புக்கொண்டால் கிளியரன்ஸ் கிடைக்குமா? எப்படி எழுதுவது?

பதில்: இப்போதும் புகைக்கிறீர்கள் என்றால் கிடைக்காது. சட்டவிரோதமாகப் போதைப்பொருளைத் தற்போது பயன்படுத்துபவருக்குக் கிளியரன்ஸ் தர பாண்ட் திருத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. விட்டுவிட்டவர் கதை வேறு. பழைய பொழுதுபோக்குக் கஞ்சாப் பயன்பாடு கவனிக்க வேண்டியதுதான், ஆனால் அதுவே முடிவைத் தீர்மானிக்காது என்று தேசிய உளவுத்துறை இயக்குநர் 2021 டிசம்பரில் எல்லா அமைப்புகளுக்கும் எழுதினார்.

முதல் தடவை, கடைசி தடவை இரண்டுக்கும் மாதமும் ஆண்டும் கொடுங்கள். ஞாபகமில்லை என்றால் 'உத்தேசம்' கட்டத்தைக் குறியுங்கள். "எப்போதாவது" என்று எழுதினால் அதிகாரி தோண்டத்தான் செய்வார். "ஏறக்குறைய 8 முதல் 10 தடவை, நண்பர் கொடுத்தது, விலைக்கு வாங்கியதில்லை" என்பதுபோல, நடந்தது எதுவோ அதை எழுதுங்கள். இனிமேல் பயன்படுத்துவீர்களா என்ற கேள்விக்கு "மத்திய அரசு அனுமதித்தால் பார்க்கலாம்" என்று விளையாட்டுக்குக்கூட எழுத வேண்டாம். இனித் தொட்டால் கிளியரன்ஸை ரத்து செய்யலாம் என்று கையெழுத்திட்ட உறுதிமொழி கைவசம் இருப்பது நல்லது. இதை 'எச்' நெறியே ஏற்கிறது.

கேள்வி: கிளியரன்ஸ் வைத்திருந்தபோதே ஒருமுறை புகைத்தேன். 9 ஆண்டு ஆகிவிட்டது, விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. கிளியரன்ஸ் இருந்தபோது பயன்படுத்தியதுண்டா என்று படிவம் தனியாகக் கேட்கிறது, அந்தக் கேள்விக்கு 7 ஆண்டு வரம்பே கிடையாது.

கேள்வி: நான் குடியுரிமை பெற்று 2 ஆண்டு ஆகிறது. கிரீன் கார்டில் இருந்தபோது கஞ்சா புகைத்ததை எழுதலாமா?

பதில்: இங்கேதான் நிதானம் தேவை. கைதாகாத குற்றம் எதையாவது செய்ததுண்டா என்று குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் கேட்டிருக்கும். அங்கே "இல்லை", இங்கே "ஆம்" என்றால் முரண் தெரிந்துவிடும். 23-ஆம் பிரிவின் காப்பு குற்ற வழக்கைப் பற்றித்தான் பேசுகிறது. குடியுரிமையைப் பறிக்கும் வழக்கை சிவில் வழக்காகவும் தொடுக்க முடியும். அதற்காகப் பொய் எழுதக் கூடாது. படிவத்தை அனுப்பும் முன், குடியேற்றச் சட்டமும் கிளியரன்ஸ் நடைமுறையும் தெரிந்த வழக்கறிஞரிடம் பழைய என்-400 நகலோடு போங்கள்.