641-ல கோட்டை விட்ட கதை

வணக்கம் சார். 4294967297 பகா எண்ணான்னு என் பொண்ணு கேட்டா. ஆப்ல போட்டேன், ஒரு நொடியில 641 × 6700417ன்னு காட்டிருச்சு. அவ என்னடான்னா, நான் நோட்டுல வகுத்துதான் பாப்பேன்னு ரெண்டு நாளா உக்காந்திருக்கா. டைம் வேஸ்ட்தானே, எப்படி நிறுத்துறது? அப்புறம், இலக்கத்தையெல்லாம் திரும்பத் திரும்பக் கூட்டினா 5 வருது, கம்ப்யூட்டரோட 32 பிட் கணக்குக்கும் பக்கத்துல இருக்கு. இதுல ஏதாவது விசேஷம் உண்டா?

வணக்கம்.

32 பிட் சமாசாரம் ஒண்ணுமில்ல, 32 ரெண்டைப் பெருக்கி ஒண்ணு கூட்டினா இந்த எண், அவ்வளவுதான். கூட்டினா 5 வருதுன்னா 9ஆல வகுக்கும்போது மீதி 5ன்னு அர்த்தம், வேற ஒரு மண்ணும் கெடையாது. நியூமராலஜியை தயவுசெஞ்சு இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க.

போன வாரம்தான் என் பழைய நோட்டு ஒண்ணு கைக்கு வந்துச்சு, அதுல பக்கம் பக்கமா இதே எண். 1, 2, 4, 8, 16 ரெண்டைப் பெருக்கி ஒண்ணு கூட்டினா 3, 5, 17, 257, 65537, இந்த வரிசையில அஞ்சும் பகா எண்ணா இருக்கேன்னு அடுத்து வர்ற இதுவும் அப்படித்தான்னு கணித மேதை ஃபெர்மா நம்பிட்டாரு. அவ்ளோ பெரிய ஆளு! 1732ல ஆய்லர்ங்கிற இன்னொரு கணித மேதை உடைச்சு காமிச்சாரு. காலேஜ்ல எனக்கு உடையும்னு மட்டும்தான் தெரியும், எதால உடையும்னு தெரியாது. 3ல ஆரம்பிச்சு ஒவ்வொரு பகா எண்ணா வகுத்துக்கிட்டே போனேன், வர்க்கமூலம் 65536 வரைக்கும் பாக்கணும், அதுக்குள்ள 6542 பகா எண் இருக்கு, 641 அதுல 116ஆவது, அங்க வரைக்கும் வந்துட்டேன் சார்! 641ஆல வகுக்கையில ஒரு இடத்துல 4489ல 4487 போனா 2. நான் 12ன்னு எழுதியிருக்கேன். கடைசியில மீதி 40. நிம்மதியா அடிச்சு விட்டுட்டு 643க்குப் போயிட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு அந்த 12ஐப் பாத்தப்ப சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

ஆய்லர் என்னை மாதிரி மாடு செக்கு சுத்துற வேலை பாக்கல. இதை வகுக்குற எந்தப் பகா எண்ணும் 64ஓட மடங்கைவிட ஒண்ணு கூடுதலாத்தான் இருக்கணும்னு மொதல்ல கண்டுபுடிச்சாரு. அப்ப மிச்சம் என்ன? 193, 257, 449, 577, 641. அஞ்சே அஞ்சு வகுத்தல்! வேகமா கணக்கு போட்டதில்ல சார் சாமர்த்தியம், எதையெல்லாம் தொடவே வேணாம்னு யோசிச்சதுதான். உங்க ஆப் விடையைத் துப்பிட்டுப் போயிரும், 193க்கு முன்னாடி இருக்குற 43 பகா எண்ணை ஏன் ஒதுக்கலாம்னு சொல்லுமா? கை வலிக்க வகுக்குறவளுக்குத்தான் "இதுக்கு ஏதாவது குறுக்கு வழி இருக்கணுமே"ன்னு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் வர்ற நேரத்துல போய் ஃபோனை நீட்டுறீங்களே, என்ன அப்பா நீங்க?

நிறுத்தாதீங்க. விடையையும் சொல்லித் தொலைக்காதீங்க. 641 பக்கத்துல வரும்போது மட்டும் ஒரு டீயைக் குடுத்துட்டு அந்த 4489 கழித்தலை ஓரக்கண்ணால பாத்துக்குங்க.