பொத்தானைத் தைத்தது யார்?

சின்னச் சின்ன விஷயங்களுக்கு நன்றியோடு இருப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

தினமும் இரவு நன்றிக் குறிப்பு எழுதத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் மனசு லேசாக இருந்தது. இப்போது ‘குடும்பம், உடல்நலம், வீடு’ என்று அதே மூன்றைத்தான் எழுதுகிறேன். எதுவும் தோன்றுவதில்லை. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். தினமும் எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நன்றிக்கும் பொருந்தும். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் எழுதிய கட்டுரையில் ஆறு வாரச் சோதனை ஒன்று வருகிறது. வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியிருந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. முதல் ஒரு வாரம் பழக்கம் பிடிபடுவதற்காகத் தினமும் எழுதலாம். அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் போதும்.

அதைவிடப் பெரிய கோளாறு உங்கள் சொற்களில் இருக்கிறது. ‘குடும்பம்’ என்று எழுதும்போது கண்முன் எதுவும் வராது, அது வெறும் தலைப்பு. தலைப்புக்கு நன்றி சுரக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வெள்ளைச் சட்டையில் மூன்றாவது பொத்தான் நேற்று ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று போடும்போது இறுக்கமாக நிற்கிறது. தைத்த நூல் கொஞ்சம் மஞ்சள். வெள்ளை நூல் தீர்ந்துபோயிருக்க வேண்டும். இருப்பதிலேயே நிறம் ஒட்டி வருவதைத் தேடி எடுத்திருக்கிறார்கள். நான் கேட்கவே இல்லை.’ ‘குடும்பம்’ என்ற சொல் சொல்லாததை அந்த மஞ்சள் நூல் சொல்லிவிடுகிறது.

ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இருக்கட்டும். என்ன நடந்தது? எதனால், யாரால் நடந்தது? இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் நல்லதாக நடந்த மூன்றையும் அவற்றின் காரணங்களையும் சேர்த்தே எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் பலன் தெரிந்தது. காரணத்தைத் தேடும்போதுதான் ‘தானாக நடந்தது’ என்று நினைத்த ஒன்றுக்குப் பின்னால் ஒரு கை இருப்பது தெரியவரும்.

ஒரே நாளில் பத்துப் பதினைந்து எழுத முயல வேண்டாம். எண்ணிக்கை ஏறினால் விவரம் குறைந்துவிடும். மூன்று நன்று, ஐந்து உச்சம். ஒன்றே ஒன்றை நிறுத்தி நிதானமாக எழுதினாலும் குறையில்லை. ஒரு முறை எழுதியதை அடுத்த ஒரு மாதத்துக்கு மறுபடி எழுதக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரத்துக்காகக் கண் தானே தேட ஆரம்பிக்கும்.

எழுதக் காலை நல்லதா, இரவா? கைப்பேசியில் எழுதலாமா?

இரவு. அன்றைய நாள் முழுவதும் கையில் இருக்கும். கைப்பேசி வேண்டாம். எழுத எடுத்தால் நாலு செய்தி குறுக்கே வந்துவிடும். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் தலைமாட்டில் கிடக்கட்டும்.

மனக்குறையைச் சொன்னாலே, ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பார்’ என்கிறார் அம்மா. நினைத்துப் பார்த்தால் நன்றி வருவதில்லை, குற்ற உணர்ச்சிதான் வருகிறது. என்னிடம்தான் கோளாறா?

உங்களிடம் கோளாறு இல்லை, அந்த வழியில் இருக்கிறது. அடுத்தவர் துன்பத்தைக் காட்டி வரவழைப்பது நன்றியல்ல, தற்காலிக ஆறுதல். நம்மைவிட வசதியானவர் கண்ணில் பட்டதும் அது கரைந்துவிடும். அம்மா அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் இந்த யோசனையை ஏற்க வேண்டியதில்லை.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால், உங்களிடம் இருக்கும் ஒன்றை அது இல்லாத நிலையோடு ஒப்பிடுங்கள். மின்கியங் கூ, டேனியல் கில்பர்ட் உள்ளிட்ட நால்வர் 2008-இல் இதை ஆராய்ந்தார்கள். தம் துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பிருந்தது என்று எழுதியவர்களுக்கே உறவில் நிறைவு கூடியிருந்தது.

செய்முறை எளிது. ஒரு நல்ல நட்பையோ வேலையையோ எடுத்துக்கொள்ளுங்கள். அது கைகூடாமல் போக எத்தனை திருப்பங்கள் இருந்தன என்று ஐந்து நிமிடம் எழுதுங்கள்: அன்று பேருந்தைத் தவறவிட்டிருந்தால், அந்த விண்ணப்பத்தை அனுப்பாமல் இருந்திருந்தால். கடைசி வரியில், நடந்ததை நடந்தபடி எழுதி முடியுங்கள். நடந்து முடிந்த விஷயத்துக்கு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ‘நாளைக்கு இது போய்விட்டால்?’ என்று திரும்பினால் அது கவலையாகிவிடும். சட்டென்று பதறுகிற மனமுள்ளவர்கள் இந்தப் பயிற்சியைத் தவிர்த்து, முதல் பதிலில் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. நன்றியோடு இருக்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் பொய் எழுதுவதுபோல் இருக்கிறது.

அப்படியானால் இப்போது எழுதாதீர்கள். துக்கப்படுவது நன்றிகெட்டதனம் அல்ல. நன்றியைக் கொண்டு துக்கத்தை மூடிவைத்தால் இரண்டும் கெடும். என்றைக்காவது எழுதத் தோன்றினால் ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதுங்கள்: ‘இன்று மதியம் அழுதேன். சாயங்காலம் ஜன்னல் வழியே வந்த காற்று நன்றாக இருந்தது.’ இரண்டுக்கும் நடுவே ‘ஆனாலும்’ போடாதீர்கள். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யத் தேவையில்லை.

ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். தூக்கம், பசி, எதிலும் ஈடுபாடு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து கெட்டிருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, மருத்துவரைப் பாருங்கள். நன்றிக் குறிப்பு அதற்கு மருந்தல்ல. அதேபோல், வீட்டில் அடியும் வசவும் வாங்குகிறவர்களிடம் ‘இருப்பதற்கு நன்றியோடு இரு’ என்று யாரும் சொல்லக் கூடாது.

கல்யாணமாகி இருபது வருடம். மனைவிக்கு நன்றி சொல்லக் கூச்சமாக இருக்கிறது. திடீரென்று சொன்னால் சிரிப்பாள்.

சிரிக்கட்டும், அதனால் என்ன? அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாகவே பயந்தார்கள். பெற்றவர்களோ, இவர்கள் நினைத்ததைவிட அதிகம் மகிழ்ந்தார்கள்.

‘நீ ரொம்ப நல்லவள்’ என்று தொடங்க வேண்டாம். அது சான்றிதழ்போல ஒலிக்கும். அவர் செய்த ஒரு காரியம், அதற்காக அவர் பட்ட சிரமம், அதனால் உங்களுக்குக் கிடைத்தது, இந்த மூன்றும் போதும். ‘நேற்று ராத்திரி அசதியோடு உட்கார்ந்து பொத்தான் தைத்திருக்கிறாய். காலையில் அவசரத்தில் வேறு சட்டை தேடாமல் கிளம்பினேன்.’ அவ்வளவுதான். இதன் வாலில் ‘ஆனால்’ ஒன்றையோ, ‘அப்படியே அந்தப் பேண்ட்டையும்…’ என்று அடுத்த வேலையையோ ஒட்டிவிடாதீர்கள். பதிலுக்கு உடனே ஏதாவது வாங்கிக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கவும் வேண்டாம். நன்றி கடனாக மாறிவிட்டால் அடுத்த முறை செய்கிறவருக்கும் பாரம், பெறுகிறவருக்கும் பாரம்.

வாயால் சொல்ல வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். முன்பு சொன்ன செலிக்மன் ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு மகிழ்ச்சி வெகுவாகக் கூடியது. ஆனால் அது ஒரு மாதம் வரைதான் நின்றது. அதனால் இருபது வருடத்துக்கும் சேர்த்து ஒரு நீண்ட கடிதம் எழுதத் திட்டம் போடாதீர்கள். இந்த வாரம் கண்ணில் பட்டதை இந்த வாரமே சொல்லுங்கள்.