வாசகர் கேள்வி – பதில்: இந்திய மலையேற்ற அறக்கட்டளை

கேள்வி: டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையில் பணம் கட்டினால் எவரெஸ்ட்டுக்கு அழைத்துச் செல்வார்களா? அதன் வேலைதான் என்ன?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கட்டணம் பெற்றுக்கொண்டு ஆட்களை உச்சிக்குக் கூட்டிச்செல்லும் நிறுவனம் அல்ல அது. மலையேறுவோரை உருவாக்குவதும், ஏறுவதற்கு வழி செய்வதும், ஏறுவோருக்கு ஓர் ஒழுங்கை வகுப்பதும்தான் அதன் நோக்கங்கள்.

உலகின் ஆறாவது உயரமான சிகரமான சோ ஓயுவுக்கு 1958இல் இந்தியக் குழு ஒன்றை அனுப்புவதற்கான ஏற்பாடுகளைச் செய்ய அமைக்கப்பட்ட குழுவே பின்னர் நிலையான அமைப்பாகி, 1961இல் அறக்கட்டளையாகப் பதிவுபெற்றது. அந்தப் பயணத்தில் பசாங் தவா லாமாவும் சோனம் கியாட்சோவும் மே 15 அன்று உச்சியை அடைந்தனர். ஆனால் டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் முதல் முதல்வரான மேஜர் நந்து ஜெயால், அதே பயணத்தில் உயிரிழந்தார். பிறருக்கு மலையேறக் கற்றுக்கொடுத்தவரையே மலை எடுத்துக்கொண்டது என்பதை, எவரெஸ்ட்டைக் கனவு காணும் இளையோர் மறக்கலாகாது.

எவரெஸ்ட்டுக்கு 1960இலும் 1962இலும் சென்ற இந்தியக் குழுக்கள், உச்சிக்குச் சில நூறு அடி கீழே வரை ஏறிய பிறகு, மோசமான வானிலையால் திரும்பின. கடற்படை அதிகாரி எம்.எஸ். கோலி தலைமையில் 1965இல் சென்ற குழுவில் ஒன்பது பேர் மே மாதம் உச்சியைத் தொட்டனர். அவர்களுள் ஒருவரான நவாங் கோம்பு, எவரெஸ்ட்டை இருமுறை ஏறிய முதல் மனிதரானார். அந்த ஒன்பது பேரை நாடு கொண்டாடியது சரியே. ஆயினும், கைக்கெட்டும் தூரத்தில் உச்சி தெரிந்தும் உயிரோடு திரும்பி வரத் தெரிந்த முந்தைய இரு குழுக்களும் அதே அளவு மரியாதைக்குரியவை என்பது எம் உறுதியான கருத்து. 1984இல் பச்சேந்திரி பால், எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணானதும் அறக்கட்டளை அனுப்பிய குழுவில்தான்.

பயணக்குழுக்களை அனுப்புவது அதன் பணிகளில் ஒன்று மட்டுமே. இந்திய இமயத்தில் ஏற விரும்பும் வெளிநாட்டுக் குழுக்கள் இந்த அமைப்பிடமே விண்ணப்பிக்க வேண்டும். எல்லையோரச் சிகரங்கள் பல என்பதால் அரசுத் துறைகளின் இசைவையும் பெற்று, குழுவோடு ஒரு தொடர்பு அதிகாரியையும் அது அனுப்புகிறது. இவற்றோடு, மலைகளில் சேரும் குப்பையை அகற்றும் பயணங்களையும், செயற்கைச் சுவரில் ஏறும் விளையாட்டுப் போட்டிகளையும் நடத்துகிறது.

கேள்வி: ஹிமாலயன் கிளப் என்பதும் இதுதானா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அது 1928இல் தொடங்கப்பட்ட, உறுப்பினர்களால் நடத்தப்படும் பழைய கழகம்; 1929 முதல் வெளிவரும் அதன் ஆய்விதழ், இமயத்தைப் பற்றிய அரிய அறிவுக் களஞ்சியம்.

கேள்வி: மலையையே பார்த்திராத நான் எங்கிருந்து தொடங்குவது?
– இளைஞர், தஞ்சாவூர்

பதில்: டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலி முதலிய இடங்களில் உள்ள பயிற்சி நிறுவனங்களில் ஒன்றுக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். அங்கே சுமார் நான்கு வாரம் நடைபெறும் அடிப்படைப் பயிற்சியில் பாறை, பனி, பனிக்கட்டி ஆகிய மூன்றிலும் நடக்கவும் ஏறவும், கயிற்றைக் கையாளவும், உயரத்துக்கு உடலைப் பழக்கவும் கற்றுத்தருவார்கள். அதில் ‘ஏ’ தரம் பெற்றவர்களுக்கே மேல்நிலைப் பயிற்சியில் இடம் உண்டு. அந்தத் தரம் கிட்டாவிட்டால் மனம் தளராமல் அதே பயிற்சியை மீண்டும் செய்வதே முறை. தஞ்சைச் சமவெளியில் வளர்ந்தது ஒரு தடையாகாது. ஆனால் பல மாதங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் ஓடியும், முதுகில் சுமையோடு படிக்கட்டுகளில் ஏறி இறங்கியும் கால்களையும் மூச்சையும் பழக்கிக்கொண்டு செல்லுங்கள். புறப்படுமுன் மருத்துவரிடம் முழுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.