மை பிடிக்காத ரோலரும் காயாத கார்ட்டும்

சிறு அச்சகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒற்றை வர்ண ஓப்செட் மெஷினில் கோவில் நோட்டீஸ் அடிக்கிறோம். ஐந்நூறு தாள் தாண்டியதும் இரும்பு ரோலரில் மை திட்டுத் திட்டாக விட்டுப்போகிறது. தாளின் இடது ஓரம் வெளிறுகிறது. மையைக் கூட்டினால் பிளேட் (உருவம் உள்ள உலோகத் தகடு) வெற்றிடத்திலும் மை பிடித்து அழுக்காகிறது. பிளேட்டை நனைக்கும் ஃபவுண்டன் கரைசலுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். மை பிழையா?
– அச்சக உரிமையாளர், நிலாவெளி

பதில்: மையை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். உங்கள் இரும்பு ரோலர் மையைத் தள்ளிவிட்டுத் தண்ணீரைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஃபவுண்டன் கரைசலில் பிசினும் அமிலமும் மிஞ்சினால் இப்படித்தான் வரும். மிஞ்சியதற்குக் காரணம் பெரும்பாலும் கிணறுதான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் அமிலத்தின் வேகத்தைக் குறைத்துவிடும். பிளேட் அழுக்காகும். உடனே ஃபவுண்டன் மருந்தில் இன்னொரு மூடி ஊற்றுவீர்கள். அதோடு பிசினும் சேர்ந்து கூடும். அதே தண்ணீரிலுள்ள கல்சியம் இறப்பர் ரோலர்களிலும் படிந்து பளபளப்பாகத் தோல் கட்டும். அந்தத் தோலும் மையை ஏற்காது.

முதலில் எல்லா ரோலர்களையும் வழமைபோலக் கழுவி மையை முற்றாக எடுங்கள். இரும்பு ரோலரை பியூமிஸ் தூளும் தண்ணீரும் குழைத்த பசையால் நன்றாகத் தேய்த்து, கழுவி, உலரத் துடைத்து, தாமதிக்காமல் மை ஏற்றுங்கள். செம்புப் பூச்சுத் திரவம் கிடைத்தால் மை ஏற்றுமுன் அதையும் பூசுங்கள். செம்பு மையை விரும்பிப் பிடிக்கும். இறப்பர் ரோலருக்கு கல்சியம் நீக்கி வாங்குவது நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் வெந்நீரில் 50 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து, கையுறை போட்டுத் துடைத்து, ஐந்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை கழுவுங்கள். காய்ந்தபின் விரலால் தடவிப் பாருங்கள். இன்னும் கண்ணாடிபோல வழுக்கினால் மறுபடி செய்ய வேண்டும்.

கரைசலுக்குக் கிணற்றை விட்டுவிட்டு, வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள். 10 லீற்றருக்கு ஃபவுண்டன் மருந்து 200 முதல் 300 மில்லிலீற்றர். போத்தலில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் சரி. மூடிக் கணக்கு வேண்டாம், அளவுக் குவளையால் ஊற்றுங்கள். அமில அளவைக் காட்டும் பி.எச். தாளில் 4.8க்கும் 5.5க்கும் இடையில் நிற்க வேண்டும். அல்ககோல் சேர்ப்பவர்கள் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தட்டை மூடி வையுங்கள். காலையில் ஊற்றியதில் பாதி மத்தியானத்தில் இருக்காது.

கேள்வி: கறுப்பு நிரப்பு (முழுக் கறுப்புப் பரப்பு) அடிக்கும்போது, தாளை மெஷின் கவ்வும் கிரிப்பர் பக்கத்துக்குச் சமாந்தரமாக ஒரு வெளிறிய கோடு விழுகிறது. எல்லாத் தாளிலும் அதே இடம். மை ரோலரை இறுக்கியும் போகவில்லை.
– உவர்மலை வாசகர்

பதில்: இறுக்கியதால்தான் போகவில்லை. பிளேட்டைத் தொடும் ரோலர் அதிகம் அழுந்தினால், சிலிண்டரின் இடைவெளியைத் தாண்டி பிளேட்டின் விளிம்பில் மோதும்போது துள்ளும். அந்தத் துள்ளல்தான் கோடு. தொடு ரோலர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி நூறு தாள் ஓட்டுங்கள். எதைக் கழற்றும்போது கோடு மறைகிறதோ, அதுவே குற்றவாளி. ஒரே ஒரு கோடாக இல்லாமல், பல கோடுகள் சம இடைவெளியில் விழுந்தால் ரோலரில் தேடாதீர்கள். அது பற்சக்கரத் தேய்வு, அல்லது பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கும் இறப்பர் விரிப்பான பிளாங்கெட்டின் கீழ் அட்டை கூடிவிட்டது.

ரோலர் அமைப்பதற்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. கறுப்பு மை ஏற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். முதலில் தொடு ரோலரை அதன் மேலுள்ள, பக்கவாட்டில் அசையும் அசைவு ரோலருக்கு அமைக்க வேண்டும். அரை நிமிடம் அசையாமல் விட்டு, மெஷினைச் சற்றே கையால் திருப்பினால் மைக் கோடு தெரியும். பிறகுதான் பிளேட். பிசின் பூசி உலர்ந்த பிளேட்டில் ரோலர்களை இறக்கி, சில விநாடியில் தூக்கி, பதிந்த கோட்டை அளவுகோலால் அளந்து பாருங்கள். 3 முதல் 5 மில்லிமீற்றர், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அகலம். அசைவு ரோலர்ப் பக்க அழுத்தம் பிளேட் பக்கத்தைவிடச் சற்றுக் கூடவே இருக்கட்டும். இல்லாவிட்டால் தொடு ரோலரை பிளேட் இழுத்துச் சுழற்றும், பிளேட்டின் உருவம் சீக்கிரம் தேயும்.

கோட்டின் வடிவமும் செய்தி சொல்லும். ஒரு முனை மட்டும் தடித்தால் அந்தப் பக்கத் திருகைத் தளர்த்துங்கள். இரு முனையும் தடித்து நடு மெலிந்தால் முனைகள் ஊதியிருக்கின்றன, அல்லது நடு தேய்ந்திருக்கிறது. இதற்குத் திருகால் பரிகாரமில்லை, புது இறப்பர் போடத்தான் வேண்டும். இறப்பரின் கடினத்தைக் கடினமானியால் அளந்தால் புது மை ரோலர் பெரும்பாலும் ஷோர் ஏ என்ற அளவில் 25 முதல் 35 வரை காட்டும். அதற்கு மேல் 10, 15 புள்ளி ஏறிவிட்ட ரோலரை எவ்வளவு கழுவியும் பயனில்லை.

கேள்வி: மாரி மழையில் ஆர்ட் கார்ட்டில் அடித்த கல்யாணக் கார்ட் இரண்டு நாளாகியும் கையில் ஒட்டுகிறது. மையைக் காயவைக்கும் டிரையரைக் கூட்டலாமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: டிரையர் ஒரு கிலோ மைக்கு 10 முதல் 20 கிராம் போதும். அதற்கு மேல் போட்டால் மை ரோலரிலேயே காயத் தொடங்கும், தண்ணீரையும் உறிஞ்சிக் குழம்பும். முதலில் தண்ணீர்த் திறப்பைக் குறையுங்கள், பி.எச். பாருங்கள். 4க்குக் கீழே போன கரைசலில் எந்த டிரையரும் ஒழுங்காக வேலை செய்யாது. மை இளக மண்ணெண்ணெய் விடுபவர்களும் இருக்கிறார்கள். அது காய்வதைத் தள்ளிப்போடும், வேறொன்றும் செய்யாது.

இந்த மை காற்றிலுள்ள ஒட்சிசனால்தான் காயும். ஆகவே ஆயிரம் கார்ட்டை ஒரே அடுக்காக வைக்காமல் இருநூறாகப் பிரித்து, தாள்கள் ஒட்டாதிருக்கும் தூள் தெளித்து, ஓரிரு மணிக்கொருமுறை கார்ட்டுகளிடையே காற்றுப் புக விசிறி விடுங்கள். அடித்துவிட்ட கார்ட்டுகளை மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்துக் காத்திருங்கள். அவசரத்துக்கு டிரையர் கலந்த வார்னிஷ் ஒரு ஓட்டம் அடித்தால் பெரும்பாலும் தப்பலாம்.

கேள்வி: ரோலர் கழுவத் தின்னர் நல்லதா?
– மூதூர் வாசகி

பதில்: வேண்டாம். வழமையான மைக்குரிய நைட்ரைல் இறப்பர் தின்னரில் ஊதும், முனைகளிலிருந்து வெடிக்கும். பெற்றோல் தீ ஆபத்து. மண்ணெண்ணெய்தான் இருக்கிறதென்றால், அதன் எண்ணெய்ப் படலத்தைக் கடைசியில் ரோலர் வாஷும் தண்ணீரும் கொண்டு எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் மறுநாள் முதல் ஐம்பது தாளும் கழிவுதான்.