கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு நரம்பை மாற்றி இணைத்தால் கை வேலை செய்யுமா?

ஓரளவு செய்யும். ஆனால் இதில் தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை, வேலையெல்லாம் கையில்தான். அடிபட்ட இடத்துக்கு மேலிருந்து கிளம்பும் நரம்புகள் நன்றாகவே இருக்கும். அவற்றில், போனாலும் சமாளிக்கக்கூடிய ஒரு கிளையை வெட்டி, செயலிழந்த தசைக்குப் போகும் நரம்போடு தைத்துவிடுவார்கள்.

உதாரணமாக, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் சுப்பினேட்டர் தசையின் நரம்பு. அந்த வேலையை மேற்கையிலுள்ள பைசெப்ஸ் தசையும் செய்யும் என்பதால் இதை எடுத்து, விரல்களை விரிக்கும் நரம்போடு இணைக்கலாம். அப்புறம் ஆரம்பத்தில் விரலை விரிக்க வேண்டுமென்றால் உள்ளங்கையைத் திருப்புவதாக நினைக்க வேண்டும்! மூளை பழகப் பழக அந்தத் தந்திரம் தேவைப்படாது.

பொறுமைதான் பெரிய சோதனை. நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும்; அசைவு தெரியவே பல மாதங்கள், பலம் வர ஓரிரு வருடங்கள்கூட ஆகும். கூடவே இயன்முறைப் பயிற்சியும் விடாமல் வேண்டும்.

2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் பலரால் பொருட்களைப் பிடிக்கவும் விரல் விரிக்கவும் முடிந்தது. சில இணைப்புகள் தோற்கவும் செய்தன. பழைய கை அப்படியே திரும்பாது, தொடு உணர்வும் இதனால் வராது. ஆனால் தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவது சின்ன விஷயமா என்ன?

ஒன்று மட்டும்: தாமதிக்காதீர்கள். சில தசைகள் நரம்புத் தொடர்பில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தால் மீள்வது கடினம். அடிபட்ட முதல் சில மாதங்களிலேயே கை அறுவை நிபுணரைப் பார்த்துவிடுங்கள்.