‘ஸ்டீம்போட் வில்லி’தான் முதல் ஒலிக் கார்ட்டூனா?

மிக்கி மவுஸ் தோன்றும் ‘ஸ்டீம்போட் வில்லி’தான் உலகின் முதல் ஒலிக் கார்ட்டூனா என்று கேட்டிருக்கிறீர்கள், இல்லை. படச்சுருளிலேயே ஒலியையும் பதியும் லீ டி ஃபாரஸ்ட்டின் போனோஃபிலிம் முறையைக் கொண்டு, அமெரிக்கக் கார்ட்டூன் தயாரிப்பாளர்களான பிளைஷர் சகோதரர்கள் 1920களின் நடுவிலேயே ஒலியுடன் கூடிய பாட்டுக் கார்ட்டூன்களை வெளியிட்டுவிட்டார்கள்.

ஆயினும் 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில் வெளியான டிஸ்னியின் படம் பெரும் வரவேற்பைப் பெற்றதற்குக் காரணம், அசைவும் இசையும் அதில் இம்மி பிசகாமல் பொருந்தியதே. மௌனப்படக் காலத்தில் அரங்கில் அமர்ந்திருந்த இசைக்கலைஞர் திரையைப் பார்த்துத் தம் போக்கில் வாசித்தார். இங்கோ, டிஸ்னியின் ஓவியர் வில்ஃபிரட் ஜாக்சன், தாளத்தைச் சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் கருவியின் துணையோடு ஒரு தட்டுக்கு எத்தனை படச்சட்டம் என்று வகுத்த கணக்கின்படியே ஓவியங்கள் வரையப்பட்டன. அப்படியும் முதல் ஒலிப்பதிவு வீணாயிற்று. தாளத்தைக் காட்டப் படச்சுருளிலேயே துள்ளும் பந்தொன்றை அச்சிட்டு, இசை நடத்துநர் அதைப் பின்பற்றிய இரண்டாம் பதிவே கைகொடுத்தது. ரசிகர்களைப் பாடவைக்கப் பிளைஷர்கள் முன்பே கையாண்ட உத்தியும் துள்ளும் பந்துதான் என்பது வேடிக்கை.