விசில் ஊதினால் பேச்சு வருமா?

நாலு வயதுப் பையன் 'பால்' என்பதை ஒருமுறை 'வா', மறுமுறை 'காய்' என்கிறான், வாய்த் தசைக்குப் பயிற்சியாக ஆறு மாதம் விசில் ஊதியும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே சொல்லில் தவறு இப்படி மாறிக்கொண்டே இருந்தால் பேச்சு அப்ராக்சியாவா என்று தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். அதில் தசைக்குப் பலக்குறைவு இல்லை. அசைவுகளைக் கோக்கும் மூளையின் திட்டமிடலில்தான் சிக்கல். விசில் ஊதினால் விசில்தான் கைவரும்.

பயிற்சிக்கு, தினமும் தேவைப்படும் ஐந்து சொற்கள் போதும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து 'பாாால்' என்று மெதுவாக, இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். உதடு மூடாவிட்டால் விரலால் லேசாகச் சேர்த்துவிடலாம். சரியாக வந்ததும் உங்கள் குரலை நிறுத்தி வாயசைவு மட்டும். அப்புறம் நீங்கள் சொல்லி அவன் திருப்பிச் சொல்லட்டும். ஐந்து நிமிடம், நாளுக்கு நாலு தடவை. 'பா', 'ல்' என்று பிரிக்காதீர்கள், ஒலிகள் ஒட்டும் இடத்தில்தானே தடுமாற்றம்! காது சோதனை செய்யவில்லையென்றால் அதுதான் முதலில். குரல் குழறலாக, மெல்லவும் விழுங்கவும் சிரமமாக இருந்தால், பேச்சுத் தசைகளே சரியாக இயங்காத டிசார்த்ரியாவாக இருக்கலாம். அதற்கு அணுகுமுறை வேறு.